உப்புக் காற்று வீட்டில் இசை நாடக எல்பி தட்டுகளை வைத்துக் காப்பது எப்படி?

கீழக்கரைப் பெட்டகம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் வாப்பா வணிகக் கப்பலில் வயர்லெஸ் அதிகாரியாக இருந்தவர். கூட வேலை பார்த்தவர்கள் வெளிநாட்டுத் துறைமுகங்களில் இறங்கினால் துணியும் சென்ட்டும் வாங்கி வருவார்கள். அவரோ எல்பி என்னும் இசைத்தட்டுகளை வாங்கி வந்தார். அவற்றில் பெரும்பாலானவை நியூயார்க்கிலும் லண்டனிலும் மேடையேறிய இசை நாடகங்களின் தட்டுகள். அந்தந்த நாடகத்தில் நடித்தவர்களே ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய்ப் பாடிக் கொடுத்தவை. அறுபதுக்கு மேல் இருக்கின்றன. அவற்றோடு, அவருடைய தகப்பனார் காலத்துத் தமிழ் நாடகப் பாட்டுத் தட்டுகள், நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தக் கனத்த 78 சுற்றுத் தட்டுகள், ஒரு கட்டு தனியாக இருக்கிறது.

வாப்பா மௌத்தான பிறகு வீட்டில் பராமரிப்பு வேலை நடந்தபோது எல்லாவற்றையும் அட்டைப் பெட்டிகளில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இரண்டு தெருக்கள்தான் இருக்கின்றன. எத்தனை முறை பூசினாலும் சுவரில் உப்புப் பூத்துக் காரை உதிர்கிற வீடு. இப்போது இறக்கிப் பார்த்தால் உறைகளில் காப்பிக் கறை போலப் பழுப்புப் புள்ளிகள், தட்டுகள் மேல் வெண்மையான படலம், பெட்டியைத் திறந்தாலே ஒரு புழுங்கல் வாடை. சில தட்டுகள் நெளிந்திருக்கின்றன. உறைக்குள் இருந்த மெல்லிய தாள்கள் சிலவற்றில் தட்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டன.

பெருநகரத்திலிருந்து வந்து பார்த்த ஒரு வியாபாரி, தட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்வதாகவும், உறைகளும் உள்ளே இருக்கும் காகிதங்களும் பூஞ்சணம் பிடித்த குப்பை என்பதால் எரித்துவிடலாம் என்றும் சொன்னார். எனக்கு விற்கும் எண்ணம் இல்லை. கேட்கவும் வைத்திருக்கவும்தான் ஆசை. எப்படிச் சுத்தம் செய்வது, இந்த ஊர்க் காற்றில் எங்கே வைப்பது, இணையத்தில் கிடைக்கிற சூட்கேஸ் வடிவச் சிறிய ரிக்கார்டு பிளேயரில் போட்டுக் கேட்கலாமா என்று சொல்லுங்கள். இன்னொன்று: ‘மை ஃபேர் லேடி’ இரண்டு தட்டுகள் இருக்கின்றன. அட்டைப் படம் ஒன்று போலவே இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டுமா?

ஓலைச்சுவடி

சகோதரிக்கு வணக்கம். நூலகத்தில் பழைய ஏடுகளையும் தாள்களையும் பராமரிக்கும் பணியிலிருந்து ஓய்வு பெற்று இராமநாதபுரத்தில் இருக்கிறேன். தட்டுகளின் ஒலியைப் பற்றிச் சொல்ல என்னை விடத் தகுதியானவர்கள் இங்கே வருவார்கள். நான் காகிதத்தைப் பற்றிப் பேசுகிறேன். உங்கள் பெட்டியில் உயிருக்குப் போராடிக்கொண்டிருப்பது காகிதம்தான்.

அந்த வியாபாரி சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். சினிமாப் பாட்டுத் தட்டுக்கு உறை இல்லாவிட்டால் ஒரு படம் போயிற்று, அவ்வளவுதான். இசை நாடகத் தட்டுக்கு அப்படி இல்லை. தட்டில் பாடல்கள் மட்டுமே இருக்கும். ஒரு பாடலுக்கும் அடுத்த பாடலுக்கும் நடுவில் கதையில் என்ன நடந்தது, யார் யாரிடம் பாடுகிறார், எந்த அரங்கில் எப்போது தொடங்கியது, பக்க வாத்தியக் குழுவை நடத்தியவர் யார் என்பதெல்லாம் உறையின் பின்பக்கத்திலும் உள்ளே செருகிய சிறு புத்தகத்திலும்தான் அச்சாகியிருக்கும். உறையை எரித்துவிட்டால் நாடகம் போய்விடும், பாட்டு மட்டும் மிஞ்சும்.

இனி உப்பு. வாலிநோக்கம் உப்பளத்துப் பக்கம் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசியத் தொடங்கிவிடும். நம் கரையோர வீடுகளில் பல இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுகிறது. எனவே உறையின் மேல் படிந்திருக்கும் கடற்காற்றுத் தூசி, வெறும் தூசியாக இருப்பதில்லை. இரவில் ஈரமாகிப் பகலில் உலர்ந்து, மறுபடி ஈரமாகி, அட்டைக்குள் நீரை இறக்கிக்கொண்டே இருக்கிறது. எல்பி தட்டு வினைல் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. அதற்குள் ஈரம் இறங்காது. பூஞ்சணத்துக்கு உணவு அட்டை, பசை, தட்டில் நாம் விட்டுச் செல்லும் விரல் எண்ணெய், தூசி ஆகியவை. உறை ஈரமாக இருக்கும் வரை தட்டை எத்தனை முறை கழுவினாலும் படலம் திரும்ப வரும்.

ஆகவே முதல் வேலை உலர்த்துவது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இதைத் தொடங்க வேண்டாம். மாசி, பங்குனியில், மழையில்லாத நாளில், காலைப் பனி விலகிய பிறகு தொடங்குங்கள். தட்டை உறையிலிருந்து எடுத்துத் தனியே நிறுத்திவிட்டு, உறையின் வாயைச் சற்றே விரித்து, நிழலில், மின்விசிறிக் காற்றில் நிற்க வையுங்கள். வெயில் கூடவே கூடாது. அட்டை வளையும், வண்ணம் வெளுக்கும். உலர்ந்த பிறகு மூக்கில் துணியோ முகக்கவசமோ கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, மெல்லிய தூரிகையால் பூஞ்சணத்தைத் தட்டிவிடுங்கள். ஈரத் துணியால் துடைத்தால் அது உள்ளே தேய்ந்து ஊறும். பழுப்புப் புள்ளிகள் போகாது. அவற்றைப் போக்குகிறேன் என்று எந்த வெளுப்பானையும் தொடாதீர்கள். புள்ளியோடு இருக்கும் உறை இன்னும் நூறாண்டு இருக்கும். வெளுத்த உறை இருக்காது.

ஒட்டிக்கொண்ட தாள்களை இழுக்காதீர்கள். உறையைத் தட்டிலிருந்து விலக்கும்போது தாள் தட்டோடு வந்தால் அப்படியே வரட்டும். பிறகு தட்டைக் கழுவும் முறையில் அதை நீக்கலாம். அச்சில்லாத வெற்றுத் தாள் என்றால் போகட்டும். பாடல் வரிகள் அச்சிட்ட தாள் என்றால் கழுவுவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள்.

அடுத்தது இடம். பரண் வேண்டவே வேண்டாம். தளத்துக்கு அடியில் சித்திரை வெயில் இறங்கும் இடம் அது. தட்டுகள் நெளிந்ததற்குப் பெரும்பாலும் அந்தச் சூடும், ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்க வைத்த பாரமும்தான் காரணமாக இருக்கும். வீட்டின் நடு அறையில், கடல் பக்கச் சுவருக்கு எதிர்ப்புறமாக, சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மரப் பலகை ஒன்று அமையுங்கள். தட்டுகளைப் புத்தகம் போல நிமிர்த்தி நிறுத்துங்கள். சாய்ந்து நிற்கவும் கூடாது, பிதுங்கும் அளவுக்கு நெருக்கவும் கூடாது. ஒரு எல்பி உறையோடு கால் கிலோவுக்குக் குறையாது. அறுபது என்றால் பதினைந்து கிலோவுக்கு மேல் வரும் என்பதால், ஒரு முழ இடைவெளியில் நடுத்தடுப்பு வேண்டும். உங்கள் பெயரிலேயே இருக்கும் பெட்டகம், பழைய தேக்கு என்றால், மிக நல்லது. இரும்பு பீரோ நம் ஊரில் துருப்பிடித்து உறையில் கறையை ஏற்றும்.

உறைகளுக்கு மேலுறை போட விரும்பினால், ஒரு பக்கம் திறந்த, மெல்லிய பாலிப்ரொப்பிலீன் உறை போடுங்கள். தடித்த, கண்ணாடி போன்ற, கடுமையான வாடை வீசும் பிவிசி உறை ஆகாது. அதிலிருந்து வெளிப்படும், பிளாஸ்டிக்கை வளையச் செய்யச் சேர்த்த இளக்கிகள் தட்டின் மேல் பனிப்படலமாகப் படிந்து, பின் துடைத்தாலும் போவதில்லை. உங்கள் வெண்படலம் புள்ளி புள்ளியாக, கிளை விட்டுப் பரவியிருந்தால் பூஞ்சணம். ஒரே சீராக, உறை பட்ட இடத்தில் மட்டும் மங்கியிருந்தால் பிவிசி வேலை. பழைய வழக்கப்படி அந்துருண்டை போடுவதையும் நிறுத்துங்கள். அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். இராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து பலகையின் மூலையில் வைத்தால் போதும். அதுவும் உறையில் படக்கூடாது.

பக்கம் இரண்டு

இராமேஸ்வரத்திலிருந்து எழுதுகிறேன். ஓலைச்சுவடி ஐயா சொன்ன பிறகு உறையைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ‘மை ஃபேர் லேடி’ கேள்விக்கு மட்டும் வருகிறேன், இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். அவை இரண்டும் ஒரே தட்டின் இரண்டு படிகளாக இல்லாமல் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

இந்த நாடகம் நியூயார்க்கில் 1956 மார்ச் 15 அன்று தொடங்கியது. நாடகத்துக்கே முதல் போட்டது கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் தாய் நிறுவனமான சி.பி.எஸ்.; அந்த முதலீட்டுக்கு வழி செய்தவர், தட்டையும் தயாரித்த காடர்ட் லீபர்சன். பத்தாம் நாள், மார்ச் 25 ஞாயிற்றுக்கிழமை, ரெக்ஸ் ஹாரிசன், ஜூலி ஆண்ட்ரூஸ், ஸ்டான்லி ஹாலோவே உள்ளிட்ட குழு முழுவதும் ஒலிப்பதிவுக் கூடத்தில் கூடிப் பாடி முடித்தது. இது மோனோ, அதாவது ஒரே ஒலித்தடம் கொண்ட ஒலிப்பதிவு. பிறகு 1958இல் நாடகம் லண்டனுக்குப் போயிற்று. அதே மூவரும் 1959இல் அங்கே மறுபடியும் முழுவதையும் பாடிப் பதிவு செய்தார்கள். அதற்குள் இடம், வலம் என இரு தடங்களில் பதியும் ஸ்டீரியோ வந்துவிட்டது. அட்டை மேல் அதே படம்தான்: மேகத்தின் மேல் தாடியோடு அமர்ந்து, கீழே கதையில் வரும் பேராசிரியர் ஹிக்கின்ஸைப் பொம்மலாட்டம் ஆட்டும், மூல நாடகத்தை எழுதிய பெர்னார்ட் ஷா; அந்த ஹிக்கின்ஸ் கையில் இன்னொரு கயிற்றில் நாயகி எலைசா. வரைந்தவர் ஆல் ஹிர்ஷ்ஃபெல்ட். உறையின் மேல் விளிம்பில் ‘ஸ்டீரியோ’ என்று இருந்தால் அது பெரும்பாலும் 1959.

என் காதுக்கு 1956தான் மேல். நியூயார்க்கில் மேடையேறிப் பத்தே நாள் ஆன குரல்கள் அவை. ஒருவர் மற்றவரை முந்திக்கொண்டு பாடும் அவசரம் அதில் தெரியும். 1959இல் எல்லோரும் அந்தப் பாத்திரத்தோடு வாழ்ந்து பழகிவிட்டார்கள். நளினம் கூடியிருக்கிறது, துடிப்பு சற்றுக் குறைந்திருக்கிறது. வேறு காது வேறு தீர்ப்புச் சொல்லும். இரண்டையும் கேட்டுப் பார்க்க உங்களுக்கு வாய்த்திருக்கிறது என்பதுதான் பெரிது. இதில் இன்னொரு சுவையும் உண்டு. லண்டனில் நாடகம் தொடங்கும் வரை அமெரிக்கத் தட்டை இங்கிலாந்துக் கடைகளுக்கு விடாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். அட்லாண்டிக்கைக் கடந்து வந்தவர்கள் தங்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த தட்டுகள்தான் அதுவரை அங்கே சுற்றின. வாப்பா போன்ற கப்பல்காரர்கள் அதில் எவ்வளவு உதவினார்கள் என்பதை யாரும் கணக்கெடுத்திருக்க மாட்டார்கள்!

மற்ற தட்டுகளையும் பிரிக்கும்போது மேடைக் குழுவின் தட்டு எது, திரைப்படத்தின் தட்டு எது என்று பாருங்கள். உறையில் ‘ஒரிஜினல் பிராட்வே காஸ்ட்’ அல்லது ‘ஒரிஜினல் லண்டன் காஸ்ட்’ என்று இருந்தால் மேடை (பிராட்வே என்பது நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதி). ‘ஒரிஜினல் சவுண்ட்டிராக்’ என்று இருந்தால் படம். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு. ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ 1959 மேடைத் தட்டில் பாடுபவர் மேரி மார்ட்டின். நாம் எல்லோரும் அறிந்த ஜூலி ஆண்ட்ரூஸ் 1965 படத்துக்கு வந்தவர். கதைநாயகரான கேப்டனின் நண்பரும் கேப்டன் மணக்கவிருந்த சீமாட்டியும் பாடும் எள்ளல் பாடல்கள் மேடைத் தட்டில் உண்டு, படத்தில் கிடையாது. படத்துக்கென்று எழுதிச் சேர்த்த இரண்டு பாடல்கள் மேடைத் தட்டில் இருக்காது. அந்த எள்ளல் பாடல்களை நீக்கியதால் படம் இனிப்பாகிவிட்டது என்பது என் கட்சி. ‘ஃபிட்லர் ஆன் தி ரூஃப்’ இருந்தால் அதிலும் பாருங்கள்: 1964 நியூயார்க் தட்டில் ஸீரோ மாஸ்டெல், 1967 லண்டன் தட்டில் பிற்பாடு படத்திலும் நடித்த டோபோல்.

எல்பி வருவதற்கு முன்னும் இது இருந்தது. கொலம்பியா 33⅓ சுற்று எல்பியை அறிமுகப்படுத்தியது 1948இல். அதற்கு ஐந்து ஆண்டு முன்னரே, 1943இல், டெக்கா நிறுவனம் ‘ஓக்லஹோமா’வை ஆறு 78 சுற்றுத் தட்டுகளாக ஒரு கட்டில் விற்றது, பிராட்வேயில் குழு முழுவதையும் வைத்துப் பதிவு செய்வது வழக்கமானது அந்த விற்பனைக்குப் பின்புதான். நம் ஊரில் அப்படி நாடகத்தைத் தட்டுக் கட்டாக விற்பது 1930களிலேயே நடந்தது என்பதை உங்கள் இரண்டாவது கட்டைப் பார்த்து யாராவது சொல்லுங்கள்.

தேவிபட்டினம் ஒலிபெருக்கி

அதை நான் சொல்லுகிறேன். எங்கள் குடும்பம் தலைமுறையாக மைக்செட் தொழில் செய்கிற குடும்பம். கோயில் திருவிழா, ஏர்வாடி சந்தனக்கூடு, கல்யாண வீடு என்று குழாய் கட்டாத ஊர் இந்தக் கரையில் இல்லை. இரவு வள்ளி திருமணம் நாடகம் தொடங்கும் வரை கூட்டத்தை உட்கார வைத்தது தட்டுகள்தான்.

தங்கச்சி, உங்கள் 78 சுற்றுத் தட்டுகள் வினைல் அல்ல. அரக்கும் கல் மாவும் கலந்து அழுத்தியவை. கீழே விழுந்தால் அப்பளம் போல நொறுங்கும். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஓடும் என்பதால், 1930களில் முழு நாடகத்தையும் பல தட்டுகளாகப் பிரித்து நாடக செட் என்று விற்றார்கள். நடுவில் ஒரு தட்டு உடைந்தால் கதையில் ஒரு துண்டு காணாமல் போகும். எனவே செட் எண்ணைப் பார்த்து வரிசைப்படுத்தி, எது இல்லை என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். நாடக நடிகரும் பாடகருமான எஸ்.ஜி.கிட்டப்பா பாடிய தட்டு ஒன்று இருந்தாலும் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். 1906இல் பிறந்து 1933இலேயே போய்விட்டவர், மேடைக் குரலுக்கு நமக்கு மிஞ்சியிருப்பது அந்த அரக்குத் தட்டுகள் மட்டும்தான். அவரும் கே.பி.சுந்தராம்பாளும் இலங்கையில் சேர்ந்து நடித்தவர்கள். அந்தக் காலத்து நாடகக் குழுக்கள் கொழும்புக்குப் போகும் வழிகளில் ஒன்று நம் தனுஷ்கோடி, தலைமன்னார் கப்பல் என்பதால், இந்தத் தட்டுகள் கீழக்கரை வீட்டில் இருப்பதில் எனக்கு வியப்பில்லை.

கழுவும் முறைக்கு வருகிறேன். நம் ஊர்ப் போர்த் தண்ணீரைத் தட்டில் விடாதீர்கள். உலர்ந்ததும் உப்பு பள்ளங்களுக்குள் உட்கார்ந்துகொள்ளும், ஊசி அதன் மேல் ஏறி இறங்கும்போது பொரிகிற சத்தம் வரும். காவிரிக் குடிநீரும் கேன் தண்ணீரும் அதைவிட மேல் என்றாலும் போதாது. பெட்ரோல் பங்கிலும் மின்கலக் கடையிலும் பேட்டரி வாட்டர் என்று விற்கும் உப்பு நீக்கிய நீரை வாங்குங்கள். ஆசிட் கலந்த திரவம் வேறு, அதை மாற்றி வாங்கிவிடாதீர்கள். லேபிளைப் படித்து, வெறும் நீர்தானா என்று கடைக்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் போதும். வட்ட லேபிளில் நீர் படாதபடி ஒரு கையால் மூடிக்கொண்டு, மிருதுவான வெல்வெட் துணியால் பள்ளம் ஓடும் திசையிலேயே சுற்றித் துடையுங்கள். குறுக்கே தேய்க்கக் கூடாது. ஒட்டிய தாள் இருந்தால் அந்த இடத்தில் ஈரத் துணியைச் சற்று நேரம் போட்டு ஊறவிட்டு, நகம் படாமல் துணியாலேயே உருட்டி எடுங்கள். பிறகு சோப்பு இல்லாத பேட்டரி வாட்டரால் இன்னொரு முறை அலசி, சாப்பாட்டுத் தட்டு வைக்கும் கம்பிக் கூடையில் நிமிர்த்தி, மின்விசிறிக் காற்றில் உலர விடுங்கள். அப்போது கடல் பக்க ஜன்னலைச் சாத்தி வையுங்கள்.

விடாப்பிடியான பூஞ்சணத்துக்கு ஐந்து பங்கு நீருக்கு ஒரு பங்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் என்று கலந்து எல்பி தட்டில் மட்டும் பயன்படுத்தலாம். அரக்குத் தட்டில் ஆல்கஹால் ஒரு சொட்டும் படக்கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும், பாட்டும் அதோடு கரையும். அரக்குத் தட்டைத் தண்ணீரில் ஊறப்போடவும் வேண்டாம். பிழிந்த துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள்.

சூட்கேஸ் பிளேயர் பற்றிக் கேட்டீர்கள். அவற்றில் பெரும்பாலும் செராமிக் வகை ஊசித்தலைதான். ஐந்து கிராம் அளவு பாரத்தைத் தட்டின் மேல் வைக்கும். அதே காரணத்துக்காக, அந்தக் காலத்து எச்.எம்.வி. பியஸ்டா கிடைத்தாலும் வாப்பாவின் தட்டில் வைக்காதீர்கள். காந்த வகை ஊசித்தலை உள்ள சாதாரணமான பிளேயர் ஒன்றரை முதல் இரண்டு கிராம் வரைக்கும்தான் அழுத்தும். விலை கூடுதலானாலும் அதை வாங்குங்கள். மோனோ தட்டை அதில் போட்டுக் கேட்பதில் ஒரு கெடுதலும் இல்லை. 78 சுற்றுக்கு ஊசி வேறு: எல்பிக்கு 18 மைக்ரான் அளவு முனை, அரக்குத் தட்டுக்கு ஏறக்குறைய 75. எல்பி ஊசியை அரக்குத் தட்டில் வைத்தால் பள்ளத்தின் அடியில் போய்க் குப்பையை உழுதுகொண்டிருக்கும். இரைச்சல் மட்டும் கேட்கும்.

நம் கரையில் ஊசித்தலையின் சிறு கம்பி முனைகளில் உப்பு ஏறிப் பச்சை பிடிக்கும். ஒரு பக்கக் குரல் மங்கினால் பிளேயரைக் குறை சொல்வதற்கு முன் அந்த முனைகளைக் கழற்றித் துடைத்துப் பாருங்கள். பயன்படுத்தாத நேரத்தில் மூடி போட்டு, அதன் மேல் ஒரு துணியும் போட்டு வையுங்கள்.

தொண்டிக்காரன்

எல்லோரும் இவ்வளவு சிரமப்படுவதற்குப் பதில், தட்டுகளைக் குளிர்சாதன அறையில் வைத்துவிட்டால் ஈரப்பதப் பிரச்சினை ஒரே நாளில் தீர்ந்துவிடுமே. என் வீட்டில் கேமராவை அப்படித்தான் வைத்திருக்கிறேன். நெளிந்த தட்டுகளை இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து வெயிலில் காட்டினால் சமமாகிவிடும் என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன்.

ஓலைச்சுவடி

தொண்டி நண்பருக்கு: நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் நிற்காமல் ஓடும் குளிர்சாதனம் என்றால் நீங்கள் சொல்வது சரி. நம் வீடுகளில் இரவில் ஓடிப் பகலில் நிற்கிறது, மின்சாரம் போனால் அதுவும் இல்லை. குளிர்ந்த தட்டும் உறையும் உள்ள அறைக்குள் கடற்காற்று நுழைந்தால், குளிர்ந்த பரப்பின் மேல் நீர் துளிர்க்கும். ஏற்றமும் இறக்கமும்தான் காகிதத்துக்கு அதிகக் கேடு. சற்று அதிகமாக இருந்தாலும் நிலையாக இருக்கும் ஈரப்பதத்தை அது தாங்கிக்கொள்ளும். படுக்கையறைக் குளிர்சாதனத்தை நம்பி வைப்பதைவிட, குளிர்சாதனம் இல்லாத நடு அறையில் மூடிய பெட்டகம் மேலானது. உள்ளே நூறு கிராம் சிலிக்கா ஜெல் பைகள் நான்கைந்தும் சிறிய ஈரப்பதமானி ஒன்றும் வையுங்கள்; 50 விழுக்காட்டுக்கு அருகில் இருந்தால் நிம்மதி, 65ஐத் தாண்டினால் ஜெல்லை வாணலியில் இலேசாக வறுத்து ஆறவைத்துத் திரும்பப் போடுங்கள். நிறம் மாறும் நீல மணிகள் சிலவற்றில் நச்சுத்தன்மை உள்ள கோபால்ட் இருக்கும். வாணலியில் வறுக்க வெள்ளை மணிகளே நல்லது, அதற்கும் தனி வாணலி வேண்டும். வாடைக்காற்றுக் காலத்தில் பெட்டகத்தைத் தேவையில்லாமல் திறக்காமல் இருந்தால் ஜெல் வெகுநாள் தாங்கும்.

கண்ணாடி, வெயில் யோசனையை அடியோடு மறுக்கிறேன். தட்டை இளக்கும் அளவுக்குச் சூடு ஏறினால் பள்ளங்களும் இளகும். தட்டு சமமாகும், பாட்டு சமமாகாது. ஊசி தாவாமல் ஓடுகிறதென்றால் நெளிவை அப்படியே விடுங்கள். தாவுகிறதென்றால் சுத்தமான தாளுக்கு நடுவில் படுக்கவைத்து, மேலே கனமான புத்தகங்களை வைத்து, அறைச் சூட்டிலேயே சில வாரம் விட்டுப் பாருங்கள். சிறு நெளிவு சில வேளை தணியும், பெரு நெளிவு தணியாது.

கீழக்கரைப் பெட்டகம்

எல்லோருக்கும் மிகுந்த நன்றி. ஒலிபெருக்கி அண்ணன் சொன்ன முறையில், மதிப்பில்லாத ஒரு தட்டில் முதலில் கழுவிப் பார்த்தேன். படலம் முழுவதும் போய்விட்டது, அடியில் கறுப்புப் பளபளப்பு அப்படியே இருக்கிறது. பக்கம் இரண்டு சொன்னது போலவே ‘மை ஃபேர் லேடி’ ஒன்றில் ஸ்டீரியோ என்று இருக்கிறது, மற்றதில் இல்லை. இல்லாததன் லேபிளில் இரு பக்கமும் கண் போன்ற சிறு சின்னங்கள், பக்கத்துக்கு மூன்றாக, இருக்கின்றன. ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ மேரி மார்ட்டின் பாடியதுதான். அந்த எள்ளல் பாடல்களைக் கேட்டேன். ஏன் நீக்கினார்கள் என்று எனக்கும் புரியவில்லை.

இரண்டு சந்தேகங்கள் மிச்சமிருக்கின்றன. பல உறைகளுக்குள் வாப்பா நாடகத்தைப் பார்த்த அன்று கொடுத்த நிகழ்ச்சிக் கையேடு, நுழைவுச் சீட்டின் பாதி, வெட்டியெடுத்த செய்தித்தாள் துண்டுகள் இருக்கின்றன. அவற்றை அங்கேயே விடலாமா? மேலும் ‘சௌத் பசிபிக்’ உறைக்குள் இருப்பது வேறு ஏதோ நாடகத்தின் தட்டு. வேறொரு உறை காலியாக இருக்கிறது. அந்தக் காலி உறைக்கு உரிய தட்டு இதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? லேபிள் பாதி உரிந்துவிட்டது.

பக்கம் இரண்டு

ஆறு கண் லேபிள் என்று சேகரிப்பவர்கள் சொல்வது அதைத்தான். கொலம்பியா 1950களின் நடுவிலிருந்து 1962 வரை பயன்படுத்திய லேபிள் அது. ஆகவே உங்கள் 1956 பதிவு, காலத்தை ஒட்டிய அச்சு. பிற்கால மறு அச்சுகளில் மோனோ பதிவுகளை மின்னணு முறையில் ஸ்டீரியோ போலாக்கி விற்ற வழக்கமும் இருந்தது. அந்தத் தட்டுகளில் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போலிருக்கும். உங்களுடையதில் அந்தத் தொல்லை இல்லை.

நுழைவுச் சீட்டும் கையேடும் வந்திருக்கின்றன என்றால், வாப்பா எந்தத் தட்டை நாடகம் பார்த்து வாங்கினார், எதைப் பார்க்காமல் வாங்கினார் என்பதும் தெரிந்துவிடும். அவற்றை எந்த உறைக்குள் இருந்து எடுத்தீர்களோ அந்த உறையின் எண்ணை ஒவ்வொன்றுக்கும் உரிய தனி உறையின் மேல் எழுதி, தட்டுக்குப் பக்கத்தில், ஆனால் உறைக்கு வெளியே வையுங்கள். செய்தித்தாள் துண்டை மட்டும் எக்காரணத்தாலும் உள்ளே விடாதீர்கள். அந்தத் தாளில் உள்ள அமிலம் தன்னுடைய வடிவத்திலேயே பழுப்பு நிழல் ஒன்றை அட்டையில் பதித்துவிடும். ஐயா அதைத் திருத்துவதானால் திருத்தட்டும்.

தட்டை அடையாளம் காண லேபிள் தேவையில்லை. கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவில் பள்ளமில்லாத வளையம் ஒன்று இருக்கிறதல்லவா, அதைக் கைவிளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அச்சுக்கு முன் கையால் கீறியதோ முத்திரை குத்தியதோ ஆகிய எழுத்தும் எண்ணும் தெரியும். பல நிறுவனத் தட்டுகளில் அந்த எண்ணே உறையின் முதுகில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகும்; ஒத்துப்போகாத நிறுவனங்களில் அந்த எண்ணை இங்கே எழுதுங்கள், சேர்ந்து தேடுவோம். எதுவும் பொருந்தாவிட்டால் முதல் பாட்டைக் கேட்டு, காலி உறையின் பின்பக்கப் பாடல் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது உறுதியாகும் வரை தட்டை மாற்றி வைக்காமல், ‘சௌத் பசிபிக்’ உறைக்குள் பென்சிலால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டைப் போட்டு வையுங்கள். மை பேனா வேண்டாம், இந்தக் காற்றில் அது ஊறிவிடும்.

ஓலைச்சுவடி

செய்தித்தாள் பற்றித் திருத்த ஒன்றுமில்லை. துண்டுகளைத் தூக்கிப் போடாமல் படி எடுத்து, மூலத்தை மற்ற காகிதங்களோடு சேர்க்காமல் தனி உறையில் வையுங்கள். தமிழ் நாடகக் கட்டுக்குள் மெல்லிய பாட்டுப் புத்தகம் ஏதாவது இருந்தால் தனியே சொல்லுங்கள். நாடக அரங்கின் வாசலில் அரையணா, ஓரணாவுக்கு விற்ற அந்தப் புத்தகங்கள் தட்டைவிட அரிதாகிவிட்டன. சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அப்படிப்பட்ட வெளியீடுகளைப் பாதுகாத்து வருகிறது. புத்தகத்தைக் கொடுக்க மனமில்லாவிட்டாலும் படி எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டு எழுதிப் பாருங்கள். தைப்புக் கம்பி துருப்பிடித்திருந்தால் அப்படியே பிடித்து இழுக்க வேண்டாம். முதலில் பின்பக்கம் மடங்கியிருக்கும் இரு முனைகளையும் மெல்லிய எலும்புக் கத்தியாலோ மூங்கில் சில்லாலோ நிமிர்த்திவிட்டு, முன்பக்கத்திலிருந்து நேராக எடுக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் படம் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.